தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லி என்னிடம் வராதீர்கள்!

"டாக்டர், எப்படியாவது இந்த மாத்திரையை நிறுத்திக் கொடுத்துடுங்க. அதுக்குப் பதிலா கஷாயம் கொடுங்க, சூரணம் கொடுங்க. எவ்வளவு கசந்தாலும் குடிச்சுடறேன்!"

வாரத்துக்கு நாலு பேராவது என் எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மடித்து வைத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தைராக்ஸின் மாத்திரை பாட்டில். பெரும்பாலும் பெண்கள். சித்த வைத்தியரிடம் போனால் 'இங்கிலீஷ் மருந்தை' நிறுத்தி விடுவார் என்ற நம்பிக்கையில் பஸ் ஏறி வருகிறார்கள்.

நான் நிறுத்துவதில்லை. "அதைத் தொடர்ந்து சாப்பிடுங்கம்மா" என்கிறேன். உடனே முகம் வாடிப் போகிறது. "நீங்களுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். சித்த மருத்துவம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்து விட்டதோ என்று நினைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், சுமார் 30 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதை இதுவரை மேடைகளில் சொன்னதில்லை. இங்கே சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தப்பு

அவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வயது இருக்கும். தினமும் 100 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தார். "வாழ்நாள் முழுக்க மாத்திரையாங்க சார்?" என்று கண் கலங்கினார்.

எனக்கோ இளம் வயது. படிப்பு முடித்த மிடுக்கு. "மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வாங்கம்மா. ரெண்டு மாசத்துல நிறுத்திடலாம்" என்று சொல்லி, மந்தாரைக் குடிநீர் எழுதிக் கொடுத்தேன்.

பாதியாகக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். நிறுத்தி மூன்று வாரம் கழித்துச் சிரித்துக் கொண்டே வந்தார். "உடம்பு இறகு மாதிரி இருக்கு சார்!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக் கொண்டேன்.

அப்புறம் அவர் வரவில்லை. குணமாகி விட்டார், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக் கொண்டேன். நாலைந்து மாதம் கழித்து அவர் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதிப் போயிருந்தது. குரல் கரகரத்து ஆண் குரல் மாதிரி ஆகியிருந்தது. கோடை வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார். "கிளாஸ்ல பிள்ளைங்க பேரே மறந்து போகுது சார்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாடியைத் தொட்டேன். அது மிகவும் மந்தமாக நடந்தது. எனக்கு வியர்த்து விட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். நல்ல வேளை, சில மாதங்களில் பழையபடி ஆகி விட்டார். பிறகு ஒரு நாள் வழியில் பார்த்தபோது, "உங்க மேல தப்பு இல்லீங்க சார், எனக்குத்தானே மாத்திரையை விடணும்னு ஆசை" என்றார். திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த 'மூன்று வாரம்' ஒரு பொறி!

ஏன் அவருக்கு முதலில் நன்றாக இருந்தது? அதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்து கொண்டேன்.

தலைவலி மாத்திரை சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய் விடும். தைராக்ஸின் அப்படியல்ல. உடம்பில் இருக்கும் தைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். மீதியில் பாதி குறைய இன்னொரு வாரம். அதனால் இன்று நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் தெரியாது. பழைய சேமிப்பில் வண்டி ஓடிக் கொண்டிருக்கும். 'நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்!' என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் வருகிற '21 நாளில் தைராய்டை விரட்டலாம்' என்ற வீடியோக்கள் எல்லாம் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். 21-வது நாள் நீங்கள் நன்றாக இருப்பீர்கள். நாலாவது மாதம் எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்கள் வந்து பார்ப்பதில்லை.

கூட்டினாலும் இதே கதைதான். புது அளவு உடம்பில் ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். 'பத்து நாளாச்சு, அசதி போகலை, இன்னும் அரை மாத்திரை சேர்த்துக்கறேன்' என்று நீங்களே முடிவு எடுத்தால், வேகாத சோற்றைக் கிளறிக் கிளறிக் குழைத்த கதையாகி விடும்.

இது மருந்தா, ஈடா?

கழுத்தின் முன்பக்கத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பி தைராய்டு. காஸ் அடுப்பின் திருகு மாதிரி, உடம்பு எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பெரியவர்களுக்கு இது மந்தமாவதற்கு முக்கிய காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தன் சுரப்பியைத் தாக்குவது. ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-ல் விவரித்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்து விட்டது. இப்படிச் சேதமான சுரப்பி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அந்தச் சுரப்பி தர வேண்டிய அதே பொருளைத்தான் மாத்திரையாகத் தருகிறார்கள். அது வேற்றுப் பொருள் அல்ல. 'கிட்னி போயிடும்' என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னால் நம்பாதீர்கள். சரியான அளவில் சாப்பிட்டால் அப்படி எதுவும் ஆகாது.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அதற்கு முன்பு அந்த நோய்க்கு வழியே கிடையாது. அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து, 1919-ல் தன் 74-வது வயதில் காலமானார். 'வாழ்நாள் முழுக்க மாத்திரையா?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்பதை, மாத்திரையால் ஒரு முழு வாழ்நாள் என்று பாருங்கள்.

நாடி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்ப்போம். தைராய்டு மந்தத்தைச் சந்தேகிக்க இது அருமையான வழி. நாடி மந்தம். தொட்டால் தோல் வறண்டு குளிர்ச்சி. நாக்கு தடித்து ஓரத்தில் பல் பதிந்த தடம். முகம் வெளுப்பு. கரகரத்த குரல். கண்ணைச் சுற்றி வீக்கம். மலச்சிக்கல். இதையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்து, 'தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாருங்கம்மா' என்று நான் அனுப்பி, நோய் தெரிய வந்தவர்கள் பலர்.

ஆனால், உங்களுக்கு வேண்டியது 75 மைக்ரோகிராமா, 88 மைக்ரோகிராமா என்று எந்த நாடியும் சொல்லாது. 100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அந்த நுணுக்கத்தை ரத்தம்தான் சொல்ல முடியும். என் தொழிலின் எல்லையை நானே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பலர் குழம்புவது ஒரு விஷயத்தில். "டி.எஸ்.எச். கூடிடுச்சு டாக்டர், அதான் நானே மாத்திரையைக் குறைச்சுட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னார். அடக் கடவுளே! டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற மேலதிகாரி போடும் சத்தம். கீழே வேலை நடக்காவிட்டால் அதிகாரி சத்தம் கூடும். ஆகவே டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். டி.எஸ்.எச். மிகவும் குறைந்தால் மாத்திரை அதிகமாகிறது என்று அர்த்தம். பல பரிசோதனைக் கூடங்களில் சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று வைத்திருக்கிறார்கள். வயதையும் உடல் நிலையையும் பொறுத்து டாக்டர் வைக்கும் இலக்கு மாறும்.

மாத்திரைக்கும் உண்டு அனுபானமும் பத்தியமும்!

செந்தூரமோ பற்பமோ கொடுத்தால் நாங்கள் நாலு விஷயம் சொல்லித் தருவோம்: அளவு, வேளை, அனுபானம், பத்தியம். தேனில் குழைத்துச் சாப்பிடு, நெய்யில் சாப்பிடு, புளி தள்ளு என்றெல்லாம் சொல்வோம். நீங்களும் பயபக்தியோடு கடைப்பிடிப்பீர்கள். ஆனால் தைராய்டு மாத்திரையை மட்டும் காபியோடு விழுங்குகிறீர்கள். பிறகு 'அளவு போதலை' என்று டாக்டர் 25 கூட்டுகிறார். குறை அளவில் இல்லை அம்மா, அனுபானத்தில் இருக்கிறது!

இந்த மாத்திரைக்கு அனுபானம், வெறும் தண்ணீர். வேளை, விடியற்காலை வெறும் வயிறு. பத்தியம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, பால், பலகாரம் எதுவும் கூடாது. காலையில் முடியாதவர்கள், டாக்டரிடம் கேட்டுக் கொண்டு இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த வேளையானாலும் தினமும் அதே வேளை. 'வெள்ளிக்கிழமை விரதம், அதான் போடலை' என்பவர்களுக்கு நான் சொல்வது: ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் அம்மன் கோபித்துக் கொள்கிற சமாச்சாரம் இல்லை.

கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சில அல்சர் மருந்துகள் ஆகியவை தைராக்ஸினை குடலில் பிடித்து வைத்துக் கொள்ளும். நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதை டாக்டர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எங்கள் அயச்செந்தூரம் இரும்புதான். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், சிலாசத்து பற்பம் எல்லாம் சுண்ணாம்புச் சத்துதான். 'இது மூலிகை மருந்துதானே' என்று காலையில் ஒன்றாகப் போட்டுக் கொள்ளாதீர்கள். அதே நாலு மணி நேர இடைவெளி இவற்றுக்கும் உண்டு.

அமுக்கரா சூரணம் சிலருக்குத் தைராய்டு ஹார்மோனின் அளவைக் கூட்டக் கூடும். மாத்திரையோடு அதையும் சாப்பிட்டால் படபடப்பு வரலாம். ஆகவே, என்ன சூரணம் சாப்பிடுகிறீர்கள் என்பதை உங்கள் ஆங்கில மருத்துவரிடம் மறைக்காதீர்கள். என்னிடம் வரும்போது உங்கள் மாத்திரையை மறைக்காதீர்கள். இரண்டு பக்கமும் மறைத்து நடுவில் அவதிப்படுவது நீங்கள்தான்!

இன்னொன்று, முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. பெரிய அளவில் சாப்பிட்டால் சில பரிசோதனை முறைகளில் தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தி விடுங்கள். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு தைராய்டு மாத்திரையைப் போடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிபிளவர் என்றால் அலறுகிறார்கள். வேகவைத்து, அளவோடு சாப்பிட்டால் பயம் வேண்டாம். அயோடின் நல்லது என்று கடற்பாசி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில் அது தேவையில்லை. அயோடின் மிஞ்சினால் சுரப்பி இன்னும் படுத்துக் கொள்ளும்.

கூட்டுகிறவர்கள் இன்னொரு ரகம்

குறைக்கிறவர்களைப் பற்றியே சொல்லிக் கொண்டிருக்கிறேன். 'ஒண்ணரையாப் போட்டா இளைச்சுடலாமாமே' என்று கூட்டுகிறவர்களும் உண்டு. ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவர் அசதிக்காகத் தானே அரை மாத்திரை கூட்டிக் கொண்டார். இரவில் தூக்கம் இல்லை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. 'வாயு' என்று என்னிடம் வந்தார். நாடி தாறுமாறாக ஓடியது. இதய டாக்டரிடம் அனுப்பினேன்.

தைராக்ஸின் மிஞ்சினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவது இதனால்தான். எடை விஷயத்திலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தைராய்டு மந்தத்தால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான். மீதிக்கு நாம் சாப்பிடும் சாப்பாடும் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் பொறுப்பு.

டி.எஸ்.எச். சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? ரத்த சோகை, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தூக்கம், மனக் கவலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முருங்கைக் கீரையும், மலச்சிக்கலுக்குக் கடுக்காயும், நேரத்தோடு தூக்கமும் என்று எங்களைப் போன்றவர்கள் கை கொடுக்கக் கூடிய இடம் இதுதான். அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள். மாத்திரையின் அளவை அதற்குரியவரிடம் விடுங்கள்.

இவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே போன் செய்து டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மாதங்களில் வயிற்றுக் குழந்தை, தைராய்டு ஹார்மோனுக்குத் தாயையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் வரை கூட்டுவார்கள். 'கர்ப்பத்துல மாத்திரை கூடாது' என்று மாமியார் நிறுத்தச் சொன்னால், மாமியாரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'அப்போ யாருக்குமே நிறுத்த முடியாதா?' என்று கேட்டால், சிலருக்கு முடியும். பிரசவத்துக்குப் பிறகு தற்காலிகமாக வந்தவர்களுக்கும், லேசாக டி.எஸ்.எச். கூடியதற்காக ஆரம்பித்தவர்களுக்கும் டாக்டரே நிறுத்திப் பார்த்து, டெஸ்ட் எடுத்து முடிவு செய்வார். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ஆனால் ஆபரேஷனில் தைராய்டை முழுவதும் எடுத்து விட்டவர்களுக்கு இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆங்கில மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு மந்தம் இருந்தது. இத்தனை பேருக்கும் 'லைஃப் லாங் சாப்பிடணும், அடுத்த ஆளை வரச் சொல்லுங்க' என்று இரண்டே நிமிஷத்தில் முடித்து விட்டால், அவர்கள் வாட்ஸ்அப்பிடம்தான் போவார்கள். ஏன் என்று ஐந்து நிமிஷம் விளக்குங்கள். என் சக சித்த வைத்தியர்களுக்கும் சொல்கிறேன்: 'நிறுத்திடலாம்' என்று சொல்வதால் நம் மருத்துவத்துக்குப் பெருமை சேராது. நான் சொல்லிப் பார்த்து விட்டேன்.

வாசகிகளே, நாளைக் காலையில் காபிக்கு முன்னால், ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தோம் என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போய் எடுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு என்னிடம் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மலச்சிக்கலையும், மூட்டு வலியையும், தூக்கத்தையும் பற்றி ஆற அமரப் பேசலாம். மாத்திரை பாட்டிலை மட்டும் என் மேஜை மேல் வைத்து, 'இதை நிறுத்துங்க' என்று கேட்காதீர்கள்!